ஒட்சிசனின் மூலர்த் திணிவு 16ஆ, 32ஆ?

போன கிழமை பின்னேரம் மருமகள் விஞ்ஞானக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள். இந்த வருடம் அவளுக்குச் சாதாரண தரப் பரீட்சை. கேள்வி இதுதான்: 4.8 கிராம் மகனீசியம் நாடா முழுதாக எரிய எத்தனை கிராம் ஒட்சிசன் வேண்டும்? சமன்பாட்டைச் சரியாகச் சமப்படுத்தியிருந்தாள். மகனீசியம் 0.2 மூல் என்று சரியாக எடுத்திருந்தாள், இரண்டு மகனீசிய அணுவுக்கு ஒரு ஒட்சிசன் மூலக்கூறு போதும் என்பதால் ஒட்சிசன் 0.1 மூல் என்றும் சரியாக எழுதியிருந்தாள். கடைசி வரியில் வந்து 0.1ஐ 16ஆல் பெருக்கி 1.6 கிராம் என்று முடித்துவிட்டாள். விடையில் இருந்தது 3.2 கிராம்.

"எல்லாம் சரியாத்தானே செய்தனான் மாமா, எங்க பிழைச்சது?"

பிழைத்தது அந்த 16இல். ஆனால் "16 பிழை, 32 போடு" என்று சொல்லி அனுப்பினால் நாளைக்கு வேறொரு கணக்கில், போடக்கூடாத இடத்தில், 32 போட்டுக்கொண்டு வந்து நிற்பாள். இந்தப் பிழையை நான் எத்தனையோ பிள்ளைகளின் கொப்பிகளில் பார்த்திருக்கிறேன், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் இதில்தான் வழுக்குகிறார்கள். கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆவர்த்தன அட்டவணையில் இருக்கிற எண் எதற்குரியது என்பதை யாரும் அவர்களுக்கு நின்று சொல்லவில்லை, அதுதான் காரணம். அதைத்தான் இங்கே ஆறுதலாகப் பார்க்கப் போகிறோம்.

அன்றைக்கு நல்லவேளையாக வீட்டில் நுங்கு இருந்தது. சந்தையில் வாங்கி வந்த ஐந்து நுங்கு, சீவாமல் மூலையில் கிடந்தது. "எத்தனை நுங்கு இருக்கு?" என்று கேட்டேன். "அஞ்சு." அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சீவினோம். மூன்று நுங்கில் மும்மூன்று கண், இரண்டில் இவ்விரண்டு கண். இப்போது "எத்தனை?" என்று கேட்டால், காயை எண்ணினால் ஐந்து, கண்ணை எண்ணினால் பதின்மூன்று. இரண்டும் சரியான விடைதான், கேள்விதான் அரைகுறை.

இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு கண் 50 கிராம். எல்லா நுங்கும் இரண்டு கண் நுங்கு. தோல், மட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டு உள்ளிருக்கிற கண்களின் எடையை மட்டும் பார்ப்போம். ஒரு டசின் கண் எத்தனை கிராம்? 600. ஒரு டசின் நுங்கு எத்தனை கிராம்? 1200. இரண்டிலும் டசின் என்றால் பன்னிரண்டுதான், டசின் மாறவில்லை. எதை டசின் டசினாக எண்ணினோம் என்பதுதான் மாறியது.

மூல் என்பதும் டசின் மாதிரி ஒரு எண்ணிக்கைதான், எண் மட்டும் நினைத்துப் பார்க்க முடியாத அளவு பெரியது: 6.022 × 10²³. இதை அவகாதரோ எண் என்கிறோம். 2019ஆம் ஆண்டு மே 20ஆம் திகதியிலிருந்து இந்த எண்ணைத் தசமதானம் வரை நிலையாக, 6.02214076 × 10²³ என்றே வரையறுத்து வைத்திருக்கிறார்கள். ஏன் இப்படி ஒரு வசதியில்லாத எண்? ஒரு காரணத்துக்காகத்தான். அணுவின் திணிவை எண்ணாக எழுதி வைத்திருக்கிறோமே, ஒட்சிசனுக்கு 16, காபனுக்கு 12 என்று, அதே எண்ணைக் கிராமில் நிறுத்தெடுத்தால் அதற்குள் இத்தனை அணுக்கள் இருக்கும். ஒட்சிசன் அணுக்களை 16 கிராம் எடு, ஒரு மூல் ஒட்சிசன் அணு. காபனை 12 கிராம் எடு, ஒரு மூல் காபன் அணு. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தராசில் வைத்து எண்ணுகிற வித்தை இது. ஒரு மூல் துணிக்கைகளின் திணிவுதான் மூலர்த் திணிவு, அலகு மூலுக்கு இத்தனை கிராம்.

இந்த இடத்தில் சொற்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பாடப் புத்தகத்தில் மூலகம், மூலக்கூறு, மூல், மூலர் என்று நான்கு சொல்லும் ஒரே முகச்சாயலில் வந்து நிற்கின்றன, பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள். மூலகம் என்றால் ஒரே வகை அணுக்களால் ஆன பொருள் (தமிழ்நாட்டு நண்பர்கள் தனிமம் என்பார்கள், எங்கள் ஒட்சிசன் அவர்களுக்கு ஆக்சிஜன், எங்கள் மூல் அவர்களுக்கு மோல்). மூலக்கூறு என்றால் அணுக்கள் சேர்ந்து பிணைந்து ஒரே துண்டாக அலைகிற துணிக்கை. மூல் என்பது எண்ணிக்கை. மூலர் என்றால் "ஒரு மூலுக்குரிய". ஆக மூலகத்துக்கும் மூலுக்கும் ஓசைதான் ஒன்று, பொருளில் ஒட்டுறவு இல்லை.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். ஆவர்த்தன அட்டவணையில் ஒட்சிசனின் பெட்டியில் 16.00 என்று போட்டிருப்பது ஒரு ஒட்சிசன் அணுவின் சார் அணுத்திணிவு, நுங்குக் கதையில் அது ஒரு கண்ணின் எடை. ஆனால் காற்றில் இருக்கிற ஒட்சிசன், சிலிண்டரில் அடைத்த ஒட்சிசன், மகனீசியத்தை எரிக்கிற ஒட்சிசன், எதுவுமே தனி அணுவாக அலைவதில்லை, இரண்டு இரண்டாகப் பிணைந்துதான் அலைகிறது. அதனால்தான் சூத்திரத்தில் ஓ என்ற எழுத்தின் காலடியில் சின்னதாக ஒரு 2. அந்தச் சின்ன 2தான் "இது இரண்டு கண் நுங்கு" என்று சொல்கிறது. ஆகவே ஒட்சிசன் வாயுவின் மூலர்த் திணிவு 2 × 16.00, அதாவது மூலுக்கு 32.00 கிராம். முழுக்கணக்கும் அவ்வளவுதான்: பெட்டியில் இருக்கிற சார் அணுத்திணிவை எடு, இரண்டால் பெருக்கு, மூலுக்கு இத்தனை கிராம் என்று அலகு போடு.

ஐதரசன் 1.008, இரட்டித்தால் 2.016. நைதரசன் 14.007, இரட்டித்தால் 28.014. புளோரீன் 19.00, இரட்டித்தால் 38.00. குளோரீன் 35.45, இரட்டித்தால் 70.90 (பாடசாலைக் கணக்கில் 35.5 எடுப்பதால் 71). புரோமீன் 79.90, இரட்டித்தால் 159.80. அயடீன் 126.90, இரட்டித்தால் 253.80. ஈரணு மூலக்கூறாக இருக்கிற மூலகங்கள் என்று பரீட்சைக்குத் தெரிந்திருக்க வேண்டியவை ஒட்சிசனோடு சேர்த்து இந்த ஏழும்தான்.

ஏழையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், அட்டவணையிலேயே பார்த்துக்கொள்ளலாம். அணு எண் 7 உள்ள பெட்டிக்குப் போங்கள், அது நைதரசன். அங்கிருந்து வலப்பக்கம் நைதரசன், ஒட்சிசன், புளோரீன் என்று ஒரு கோடு இழுங்கள், புளோரீனில் திரும்பிக் கீழே குளோரீன், புரோமீன், அயடீன் என்று இறங்குங்கள். விரல் போன தடம் 7 என்ற இலக்கம் மாதிரியே இருக்கும். அதில் ஆறு மூலகம், அட்டவணையின் இடப்பக்கம் மேல்மூலையில் தனியாக நிற்கிற ஐதரசனையும் சேர்த்தால் ஏழு. ஏழில் தொடங்கி, ஏழு வடிவத்தில் போய், ஏழு மூலகம். ஒருமுறை விரலால் இழுத்துப் பார்த்தால் பிறகு மறக்காது.

ஈரணு என்றால் வாயு என்று நினைத்துக்கொள்கிற ஒரு பழக்கமும் இருக்கிறது. அது சரியில்லை. அறை வெப்பநிலையில் புரோமீன் கருஞ்சிவப்புத் திரவம், அயடீன் கரும் ஊதாப் பளபளப்பான திண்மம். ஆனாலும் அவற்றிலும் மூலக்கூறு இரண்டு அணுதான். மறுபக்கம், வாயு என்றால் ஈரணு என்றும் இல்லை. ஈலியம், நியோன், ஆகன் எல்லாம் விழுமிய வாயுக்கள், அவற்றின் வெளி ஓடு (அணுவில் இலத்திரன்கள் இருக்கிற கடைசி அடுக்கு) ஏற்கெனவே நிறைந்துவிட்டதால் அணு தனியாகவே இருக்கும். ஒற்றைக் கண் நுங்கு. ஈலியத்தின் மூலர்த் திணிவு 4.00தான், அதை 8 ஆக்கினால் பிழை. ஓசோன் மூன்று கண் நுங்கு, 48.00. வெண்பொசுபரசில் நான்கு அணு, சாதாரண கந்தகத்தில் எட்டு அணு ஒரு வளையமாக இருக்கும். முதலாவதன் மூலர்த் திணிவு ஏறத்தாழ 124, இரண்டாவதன் மூலர்த் திணிவு ஏறத்தாழ 256.5. முறை ஒன்றுதான், ஒரு மூலக்கூறில் எத்தனை அணு என்று பார், அத்தனையால் பெருக்கு.

இனி, நான் பார்த்ததிலேயே ஆபத்தான பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆபத்து என்னவென்றால், விடை பார்க்கச் சரிபோலத் தெரியும். ஒட்சிசனின் பெட்டியில் இரண்டு எண் இருக்கும்: அணு எண் 8, சார் அணுத்திணிவு 16. பிள்ளை அவசரத்தில் 8ஐ எடுத்து, "ஈரணுதானே" என்று இரட்டித்து, 16 என்று எழுதும். 16 என்பது ஒட்சிசனோடு சேர்த்துக் காதில் விழுந்து பழகிய எண் என்பதால் மனம் ஒன்றும் உறுத்தாது. நைதரசனிலும் அப்படித்தான், 7ஐ இரட்டித்தால் 14. இரண்டு இடத்தில் பிழைத்தும் பழகிய முகம் ஒன்று வந்து நிற்கும். இதைப் பிடிக்க ஒரே வழி, எந்த எண்ணை இரட்டித்தோம் என்று கொப்பியில் எழுதிக் காட்டுவது. "2 × 16.00" என்று ஒரு வரி. விடையை மட்டும் எழுதுகிற பிள்ளைக்கு எங்கே வழுக்கினது என்று தனக்கே தெரியாது, திருத்துகிற ஆசிரியருக்கும் தெரியாது.

மருமகளின் கணக்குக்குத் திரும்பினால், அவளே தன் விடையைச் சோதித்திருக்கலாம். எரிந்த பிறகு வருவது மகனீசியம் ஒட்சைட்டு, அதன் மூலர்த் திணிவு 24 + 16 = 40. 0.2 மூல் உண்டாகிறது, ஆகவே 8.0 கிராம். மகனீசியம் 4.8 கிராம், அதோடு ஒட்சிசன் 3.2 கிராம், கூட்டினால் 8.0. பொருந்துகிறது. 1.6 என்றால் கூட்டுத்தொகை 6.4, மிச்சம் 1.6 கிராம் எங்கிருந்து வந்தது? திணிவு காணாமலும் போகாது, சும்மா வரவும் வராது. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும், பரீட்சை மண்டபத்தில் அந்த அரை நிமிடத்தைக் கட்டாயம் செலவழிக்கச் சொல்வேன்.

கவனித்தீர்களா, மகனீசியம் ஒட்சைட்டுக்கு 24 + 16 போட்டோம், 24 + 32 போடவில்லை. இதுதான் மற்றப் பக்கத்து வழுக்கல். ஒட்சிசன் மூலகமாக, தானாக நிற்கும்போதுதான் சோடி. வேறொரு மூலகத்தோடு சேர்வையாகிவிட்டால் அந்தச் சோடி பிரிந்துவிடும், பிறகு சூத்திரம் என்ன சொல்கிறதோ அதுதான். ஆனையிறவு உப்பளத்தில் விளைகிற உப்பை எடுங்கள். சோடியங் குளோரைட்டில் ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரீன், ஆகவே 23 + 35.5 = 58.5. "குளோரீன் ஈரணு" என்ற ஞாபகத்தில் 71 போட்டு 94 என்று எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். உப்புக்குள் குளோரீன் மூலக்கூறே இல்லை, குளோரைட்டு அயன்தான் இருக்கிறது.

யூரியாவில் 28 வருவதும் பலரைக் குழப்பும். தோட்டத்துக்குப் போடுகிற யூரியாப் பையில் நைதரசன் 46 சதவீதம் என்று போட்டிருக்கும். யூரியாவின் மூலர்த் திணிவு 60, அதில் நைதரசன் 28, அறுபதில் இருபத்தெட்டு என்றால் 46.7 சதவீதம், கணக்கு ஒத்துவருகிறது. ஆனால் இந்த 28 வந்தது நைதரசன் வாயு ஈரணு என்பதால் அல்ல, யூரியாவின் சூத்திரத்தில் இரண்டு நைதரசன் அணு இருப்பதால். எண் ஒன்றாக இருக்கிறது, காரணம் வேறு.

சமன்பாட்டில் முன்னால் வருகிற பெரிய எண்ணையும் காலடியில் வருகிற சின்ன எண்ணையும் பிரித்துப் பார்ப்பது அடுத்தது. மூன்று ஒட்சிசன் மூலக்கூறு என்று முன்னால் 3 போட்டிருந்தால் மூன்று மூலின் திணிவு 96 கிராம், ஆனால் மூலர்த் திணிவு அப்போதும் 32தான். மூன்று நுங்கு வாங்கினாலும் ஒரு நுங்கின் எடை மாறாதே.

சரி, இரண்டு இரண்டாகத்தான் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஒருவரும் கண்ணால் பார்க்கவில்லை. இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு அளவுச் சாடியும் கொஞ்சம் யோசனையும் இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்று இதில் தெரியும்.

1808இல் பிரான்சைச் சேர்ந்த கேலூசாக்கு வாயுக்கள் தாக்கமடையும்போது அவற்றின் கனவளவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே வெப்பநிலையில், ஒரே அமுக்கத்தில், இரண்டு பங்கு ஐதரசனும் ஒரு பங்கு ஒட்சிசனும் சேர்ந்தால் இரண்டு பங்கு நீராவி வருகிறது. 1811இல் இத்தாலியரான அவகாதரோ ஒரு கருத்தைச் சொன்னார்: ஒரே வெப்பநிலை, ஒரே அமுக்கத்தில் சம கனவளவு வாயுக்களில் சம எண்ணிக்கையான துணிக்கைகள் இருக்கும். இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பங்கு ஒட்சிசனில் நூறு துணிக்கை என்று வைத்தால், இரண்டு பங்கு நீராவியில் இருநூறு துணிக்கை. ஒவ்வொரு நீர்த் துணிக்கைக்குள்ளும் ஒட்சிசன் இருந்தாக வேண்டும். நூறு ஒட்சிசனை இருநூறு பேருக்கு எப்படிப் பங்கிடுவது? ஒவ்வொன்றையும் பாதியாகப் பிளந்தால்தான் முடியும். அணுவைப் பாதியாக்க முடியாது, ஆகவே அந்த ஒட்சிசன் துணிக்கை ஒரு தனி அணுவாக இருக்க முடியாது, குறைந்தது இரண்டு அணு அதற்குள் இருந்தாக வேண்டும்.

எவ்வளவு அழகான நியாயம்! ஆனால் அந்தக் காலத்தில் இது எடுபடவில்லை. அணுக்கொள்கையைக் கொண்டுவந்த டோல்ற்றனே ஏற்கவில்லை, ஒரே வகை அணுக்கள் ஒன்றையொன்று தள்ளும் என்பது அவருடைய எண்ணம். நீர் என்றால் ஒரு ஐதரசன், ஒரு ஒட்சிசன் என்றே அவர் எடுத்திருந்தார். அப்படி எடுத்தால் ஒட்சிசனின் அணுத்திணிவு 16இன் பாதியாக, 8ஐ அண்டித்தான் வரும். ஒருவர் 8 என்பார், இன்னொருவர் 16 என்பார், ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு சூத்திரம். 1860இல் ஜெர்மனியின் கால்ஸ்ரூ நகரில் இரசாயனவியலாளர்கள் கூடியபோது, அவகாதரோ சொன்னதை எடுத்துக்கொண்டால் எல்லாம் ஒழுங்காகப் பொருந்தும் என்று கனிசாரோ காட்டினார். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் வழிக்கு வந்தார்கள். அவகாதரோ அதற்கு நான்கு வருடம் முன்பே, 1856இல் காலமாகிவிட்டார். 16ஆ 32ஆ என்று மருமகள் முழித்தாளே, அதற்கு நெருங்கிய ஒரு முழிப்பில் உலகத்து இரசாயனம் ஐம்பது வருடம் நின்றிருக்கிறது. அவளுக்கு இதைச் சொன்னபோது முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஏன் சோடி சேர்கின்றன என்பதற்கு இன்றைக்கு இலத்திரன்களை வைத்து விளக்கம் சொல்கிறோம். ஐதரசனுக்கும் அலசன்களுக்கும் (புளோரீன், குளோரீன், புரோமீன், அயடீன்) வெளி ஓடு நிறைய ஒவ்வொரு இலத்திரன் குறைவு, அதனால் ஆளுக்கு ஒன்று கொடுத்து ஒற்றைப் பிணைப்பு. ஒட்சிசனுக்கு இரண்டு குறைவு, இரட்டைப் பிணைப்பு. நைதரசனுக்கு மூன்று, மும்மைப் பிணைப்பு, அதனால்தான் காற்றில் இவ்வளவு நைதரசன் இருந்தும் அது லேசில் ஒன்றோடும் தாக்கமடையாமல் இருக்கிறது.

குளோரீனின் 35.5 பற்றி ஒரு பிள்ளையாவது கேட்கும், "அணுவில் அரை எப்படி வரும்?" நல்ல கேள்வி. குளோரீனுக்கு இரண்டு சமதானி (ஒரே மூலகத்தின் திணிவு வேறுபட்ட அணு வகை) உண்டு, திணிவெண் 35 உள்ளதும் 37 உள்ளதும், ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில். 35.5 என்பது சராசரி. இப்போது இவை சோடி சேரும்போது என்ன நடக்கும் என்று பாருங்கள். இரண்டும் 35 என்றால் மூலக்கூறு 70. ஒன்று 35, மற்றது 37 என்றால் 72. இரண்டும் 37 என்றால் 74. பதினாறு மூலக்கூறு எடுத்தால் சராசரியாக ஒன்பது 70ஆகவும், ஆறு 72ஆகவும், ஒன்று 74ஆகவும் இருக்கும். கூட்டுங்கள்: 630 + 432 + 74 = 1136. பதினாறால் பிரித்தால் 71. இரண்டு தரம் 35.5 எவ்வளவோ அதே 71! ஒரு குளோரீன் மூலக்கூறுகூட 71 இல்லை, ஆனாலும் எல்லாம் கலந்து ஒரு மூல் எடுத்து நிறுத்தால் 71 கிராம்தான் வரும். அட்டவணையில் இருக்கிற சராசரியை நம்பி இரட்டிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உறுதி எனக்குத் தெரியாது.

இந்த 2ஐ விட்டால் கொப்பியில் ஒரு புள்ளி போவதோடு நிற்காது. 7 கனமீற்றர் ஒட்சிசன் அடைக்கிற பெரிய சிலிண்டர் ஒன்றை எடுங்கள், ஆஸ்பத்திரியில் நிற்கிற மாதிரி. வெளியே விட்டால் சாதாரண அமுக்கத்தில் 7000 லீற்றர். 25 பாகை செல்சியசில் ஒரு மூல் வாயு ஏறத்தாழ 24.5 லீற்றர் பிடிக்கும், ஆக சுமார் 286 மூல். 32ஆல் பெருக்கினால் 9.1 கிலோவுக்கு மேல், 16ஆல் பெருக்கினால் 4.6 கிலோ. அந்தச் சிலிண்டரைத் தராசில் வைத்து உள்ளே எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பார்க்கிற ஒருவர் 16ஐ எடுத்தால், ஒட்சிசன் பாதி தீர்ந்து 4.6 கிலோதான் மிஞ்சியிருக்கிற சிலிண்டரை முழுச் சிலிண்டர் என்று நினைத்துக்கொள்வார்.

காற்றையும் பாருங்கள். நைதரசன் ஏறத்தாழ 78 சதவீதம், ஒட்சிசன் 21, ஆகன் 1. 0.78 × 28, 0.21 × 32, 0.01 × 40, மூன்றையும் கூட்டினால் 29க்கு மிகக் கிட்ட. (ஆகனை இரட்டிக்கவில்லை, கவனியுங்கள்.) நீராவி 18, அதனால் ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட இலேசு. நைதரசனை 14, ஒட்சிசனை 16 என்று எடுத்திருந்தால் காற்று 15ஐக்கூட எட்டாது, நீராவி காற்றைவிடப் பாரம் என்று தலைகீழான முடிவு வரும். குளோரீன் 71, காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரம், அதனால்தான் கசிந்தால் நிலத்தோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும்.

கடைசியாக எங்கள் கிணறுகள். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கிற நிலத்தடி நீர்தான் குடிக்கவும் தோட்டத்துக்கும். தோட்டத்துக்குப் போடுகிற உரமும் மலக்குழிகளும் சேர்ந்து அந்த நீரில் நைதரேற்றைக் கூட்டுகின்றன, பல கிணறுகளில் இது நீண்டகாலப் பிரச்சினை. குடிநீரில் நைதரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு. ஆனால் சில இடங்களில் அதே எல்லையை 11 என்று பார்ப்பீர்கள். இரண்டும் ஒன்றுதான். முதலாவதில் முழு நைதரேற்று அயனையும் நிறுக்கிறார்கள், ஒரு நைதரசனும் மூன்று ஒட்சிசனும், 14 + 48 = 62. இரண்டாவதில் அதற்குள் இருக்கிற நைதரசன் அணுவை மட்டும் நிறுக்கிறார்கள், 14. 50ஐ 62ஆல் பிரித்து 14ஆல் பெருக்கினால் 11.3. இங்கே 28 போடக்கூடாது, 32ம் போடக்கூடாது, ஏனென்றால் இது மூலகம் அல்ல, சேர்வைக்குள் இருக்கிற அயன்.

பிழையாக வாசித்தால் என்ன ஆகும்? உங்கள் கிணற்று நீர் அறிக்கையில் 20 என்று இருக்கிறது என்று வையுங்கள். அது முழு நைதரேற்று என்றால் 50க்கு வெகு கீழே, நைதரேற்றைப் பொறுத்தவரை குடிக்கலாம். நைதரசனாகக் கணக்கிட்ட 20 என்றால் முழு நைதரேற்றாக அது 88க்கு மேல். அந்த நீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைத்துக் கொடுக்கக் கூடாது, கொதிக்க வைத்தாலும் நைதரேற்று போகாது. ஆகவே அறிக்கை கைக்கு வந்ததும் எண்ணுக்குப் பக்கத்தில் "நைதரேற்றாக" என்று போட்டிருக்கிறதா, "நைதரசனாக" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் போடாமல் வெறும் 20 என்று இருந்தால், தந்தவரிடம் திரும்பிப் போய்க் கேட்டு எழுதி வாங்குங்கள்.